கேஷை அழிப்பதா, பதிப்பு எண்ணை ஏற்றுவதா?

அல்சூரில் ஒரு தமிழ் மெஸ்ஸுக்கு ஆர்டர் ஆப் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெண்பொங்கல் 60 ரூபாயிலிருந்து 70 ஆகிறது. டேபிளில் மாறியது ஒரே வரி. ஆனால் அந்த வரி ‘காலை டிபன்’, ‘100 ரூபாய்க்குள்’, ‘அதிகம் விற்பவை’ என்று பல குவெரிகளின் விடைக்குள் உட்கார்ந்து, ரெடிஸ் என்ற கேஷில் (விடைகளை நினைவகத்தில் வைத்து உடனே எடுத்துத் தரும் தற்காலிகச் சேமிப்பில்) பழைய விலையோடு கிடக்கிறது.

ஒன்றுமே செய்யாமல் டிடிஎல்லை (கேஷில் உள்ள விடை தானாகக் காலாவதியாகும் நேரத்தை) 300 விநாடி வைத்துவிட்டுப் போகலாம். ‘அதிகம் விற்பவை’க்கு அது போதும். விலைக்குப் போதாது, திரையில் 60, பில்லில் 70 என்றால் கல்லாவில் சண்டைதான்.

அப்டேட் ஆனதும் கீயை (கேஷில் அந்த விடை எந்தப் பெயரில் இருக்கிறதோ அதை) அழிப்பது பலரும் எடுக்கும் வழி. ஒற்றை ரெக்கார்டுக்கு நல்லது. கமிட்டுக்கு (டேட்டாபேஸில் மாற்றம் உறுதியாவதற்கு) முன்னால் அழித்தால் வேறொருவர் பழைய வரியைப் படித்துத் திரும்பக் கேஷில் ஏற்றிவிடுவார். கமிட்டுக்குப் பின் அழித்தாலும், முன்பே பழைய வரியைப் படித்துவிட்டுத் தாமதமாக எழுதுகிறவர் அதே வேலையைச் செய்வார். இதைத் தடுக்கத்தான் ஃபேஸ்புக் தன் கேஷான மெம்கேஷில் ‘லீஸ்’ டோக்கன் (எழுதுவதற்கான அனுமதிச் சீட்டு) வைத்ததாக 2013-இல் கட்டுரை எழுதியது. அப்புறம் பட்டியல் குவெரிகள்: எந்தெந்தக் கீயை அழிப்பது? ப்ரொடக்‌ஷனில் ‘கீஸ்’ கமாண்டைப் போட்டுத் தேடினால், எல்லாக் கீயையும் பார்த்து முடிக்கும்வரை ரெடிஸ் மற்றவர்களைக் காக்கவைக்கும்.

என் ஓட்டு பதிப்பு எண்ணுக்கு. ஒவ்வொரு கடைக்கும் ஓர் எண், அது கீயின் பெயரிலேயே இருக்கும். கமிட் ஆனதும் 41-ஐ 42 ஆக்கினால் போதும். பழைய விடைகளை யாரும் கேட்கமாட்டார்கள், தானாகக் காலாவதியாகும். எண்ணை முதலில், டேட்டாபேஸை அடுத்துப் படித்தால், தாமதமாக எழுதுகிறவரும் 41-இல்தான் எழுதுவார், கெடுதல் இல்லை. (படிப்பது டேட்டாபேஸின் பின்தங்கிய நகலான ரெப்ளிகாவில் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும்.) கமிட்டுக்கும் எண் ஏறுவதற்கும் நடுவில் ப்ராசஸ் செத்தால்? அதற்குத்தான் டிடிஎல்லையும் விடக்கூடாது.

குறை: பொங்கல் விலை மாறினால் அந்தக் கடையின் மொத்த மெனு கேஷும் போகும். டேபிள் முழுக்க ஒரே எண் வைக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய குவெரி கேஷ் அப்படித்தான், டேபிளில் எதை எழுதினாலும் அதைத் தொட்ட எல்லா விடைகளையும் தூக்கிப்போடும்; 8.0-இல் அதையே எடுத்துவிட்டார்கள்.

டேட்டாபேஸ் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் பின்லாகைப் படித்து, எது மாறியது என்று சொல்லும் டெபீசியம் என்ற கருவி இருக்கிறது. வழக்கமாக அந்தச் செய்திகளைக் கடத்தும் காஃப்காவும் கூடவே வரும். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நாலு பேர் டீமுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது. ஆனால் அக்கவுண்ட்ஸ்காரரின் எக்செல் இம்போர்ட், உங்கள் ஆப்பைத் தொடாமல் நேரே டேபிளில் எழுதுகிறதென்றால், எண்ணை ஏற்ற உங்கள் ப்ரோகிராம் கோடு அங்கே இருக்காது. அப்போது டெபீசியத்தைப் பாருங்கள்.