ஏற்காடு ஏற்றமும் ஒற்றைச் சிவப்பு விளக்கும்: ஒன்பதாம் ஆண்டில் என் கார்

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை, இருக்கிற பெட்ரோலில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையெல்லாம் தவறாமல் காட்டும் என் காரின் டேஷ்போர்டு, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை மட்டும் காட்டுவதில்லை. அதற்கென்று இருப்பவை இரண்டே விளக்குகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு எரியும். எல்லை மீறிச் சூடான பிறகு சிவப்பு விளக்கு எரியும். இடையிலுள்ள ஐம்பது அறுபது டிகிரி வரம்புக்குள் என்ன நடந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரிய வழியில்லை. இந்த 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்கைச் சேலத்தில் ஒன்பதாவது ஆண்டாக ஓட்டுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம், இந்தக் குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதே. சிறிய கார் விற்பவர்கள் பலர் சூட்டைக் காட்டும் முள்ளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விளக்கை வைத்துவிட்டார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் வெப்பம் நாற்பது டிகிரியை நெருங்கும் நாட்களில், ஐந்து ரோடு நெரிசலில் ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு நின்றபோதும் இந்த எஞ்சின் ஒருமுறையும் திணறியதில்லை. தர்மபுரி போகும் வழியில் தொப்பூர் கணவாயை நான்கு பேருடன் ஏறும்போதும் அப்படித்தான். வாட்டர் பம்ப் இன்றுவரை கம்பெனியில் பூட்டியதே, ரேடியேட்டரும் அதுவே. சஸ்பென்ஷன், மைலேஜ், ஸ்டீயரிங் எதிலும் எனக்குக் குறை இல்லை. இவ்வளவு நன்றாக ஓடும் வண்டி தன் உடல்நிலையைப் பற்றி ஓட்டுபவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடந்த மே மாதத்து ஞாயிறு ஒன்றில், ஏற்காட்டுக்குக் கூட்டம் முண்டியடிக்கும் நேரத்தில், அடிவாரத்திலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நிறைந்த பேருந்து ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஊர்ந்துதான் போக வேண்டும். பாதி வளைவுகளைத் தாண்டியிருப்போம், ஏசியிலிருந்து வந்த காற்று திடீரென்று வெதுவெதுப்பானது. எஞ்சினுக்குள் ஓடிச் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட் அளவுக்கு மீறிச் சூடாகும்போது எஞ்சின் கணினி முதலில் ஏசி கம்ப்ரசரைத் துண்டித்துச் சுமையைக் குறைக்கும். அதனால் மலையேற்றத்தில் ஏசி குளிர்ச்சி நின்றால் அதைக் கேஸ் குறைவு என்று எண்ணிப் பயணத்தைத் தொடரக் கூடாது. அகலமான திருப்பத்தில் ஒதுக்கி நிறுத்திய பிறகுதான் சிவப்பு விளக்கு எரிந்தது. பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறும் ஒலி கேட்டதால் எஞ்சினை உடனே அணைத்தேன். ஆவி வராமல் வெறும் சூடு மட்டும் ஏறியிருந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிடுவது நல்லது. பம்பும் ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும், ஹீட்டர் கோர் இன்னொரு சிறிய ரேடியேட்டராக வேலை செய்யும். ஆவி வந்துவிட்டால் அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எந்த நிலையிலும் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட கணத்தில் உள்ளிருக்கும் நீர் கொதித்து முகத்தில் பாயும்.

நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்தபோது கண்டதுதான் இந்தக் கதையின் முடிச்சு. பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் கூலண்ட் டேங்கில் அளவு மேல்கோட்டையும் தாண்டி நின்றது. ரேடியேட்டரின் வாயிலோ கூலண்ட் கண்ணுக்கே தெரியவில்லை. கையிலிருந்த குடிதண்ணீரை நிரப்பி, ஏசி போடாமல், இரண்டாவது கியரிலேயே இறங்கி வீடு சேர்ந்தோம். இறக்கத்தில் எஞ்சினுக்குச் சுமை குறைவு என்பதால் சூடு ஏறவில்லை.

அடுத்த இரண்டு நாட்களில் கேட்ட கருத்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். முதலில் போன பெரிய சர்வீஸ் நிலையத்தில் டேங்கின் அளவை மட்டும் பார்த்துவிட்டு, "கூலண்ட் ஃபுல்லா இருக்கு சார், அப்படின்னா ஹெட் கேஸ்கெட்தான்" என்றார்கள். எந்தச் சோதனையும் செய்யாமல், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றுவதற்கு மதிப்பீட்டுத் தாளும் நீட்டினார்கள். ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள எஞ்சின் பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. மூடியைத் திறந்து குளிர்ந்த எஞ்சினை இயக்கினால் ரேடியேட்டர் வாயில் குமிழ்கள் விடாமல் வரும். ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடங்களிலேயே, சூடேறும் முன்பே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ஆயில் மூடியின் அடியில் பால் விட்ட காபி நிறத்தில் குழம்பு படியும். புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை இனிப்பு வாடையுடன் நிற்காமல் வரும். இவை போதாதென்றால், எஞ்சினில் எரிந்த வாயு கலந்தவுடன் நீலத்திலிருந்து மஞ்சளாக நிறம் மாறும் சோதனைத் திரவம் இருக்கிறது. சில நிமிட வேலைதான். இவற்றில் ஒன்றையும் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றச் சொல்வதை நோயறிதல் என்று என்னால் ஏற்க முடியாது.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் அன்பான மனிதர். பணம் பிடுங்கும் எண்ணம் அவரிடம் இல்லை. ஆனால் அவர் சொன்ன யோசனை நம் ஊர்களில் நீண்டகாலமாக வேரூன்றிய ஒரு தவறான நம்பிக்கை: "தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டிப் போட்ருவோம் சார், அப்புறம் ஹீட்டே ஆகாது." தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது ஒரு மெழுகு உருளை. 82 முதல் 88 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்க, அதன் பிறகே கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும். அதுவரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். அதைக் கழற்றினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும். சிலிண்டர் தேய்மானம் கூடும். பல எஞ்சின்களில் அதே வால்வு திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் அந்தக் குறுக்கு வழி நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பி, மலையேற்றத்தில் சூடு இன்னும் கூடும். தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகம் இருந்தால், அதைக் கொதிக்கும் நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிடலாம். திறக்காவிட்டால் புதியது போட வேண்டும். இல்லாமலேயே ஓட்டுவது தீர்வாகாது.

மூன்றாவதாகப் போனது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் முதியவர் ஒருவரிடம். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேள்வி கேட்டார்: "எங்க ஹீட் ஆகுது தம்பி? நின்னாவா, ஓடுனாவா, ஏறுனாவா?" இந்த ஒரு கேள்விக்குள் முழு நோயறிதலும் அடங்கியிருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால், குற்றவாளி ஃபேன், அதன் மோட்டார் அல்லது ரிலே. ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடுவதால் குறை மறைந்துவிடுகிறது. ஊருக்குள் சரியாக இருந்து நான்குவழிச் சாலை வேகத்தில் சூடேறினால், ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம், இல்லையென்றால் பம்பின் இறக்கை அரித்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சின் சில நிமிடங்களிலேயே கொதித்து, மேல் ஹோஸ் சுடச்சுடவும் கீழ் ஹோஸ் குளிர்ந்தும் இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கிறது. மலையில் மட்டும் கொதிக்கிறது என்று நான் சொன்னதும், அவர் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கைப்பம்பில் பூட்டி அழுத்தினார். மூடியின் மேல் 1.1 என்று பொறித்திருந்தது; அது பிடித்துவைக்க வேண்டிய அழுத்தம், பார் கணக்கில். அளவியின் முள் அதில் பாதியைக்கூட எட்டாமல் சரிந்தது. ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது. ஒன்பது ஆண்டுகளாக எந்தச் சர்வீஸிலும் யாரும் அதை மாற்றச் சொன்னதில்லை. புதிய மூடியின் விலை சில நூறு ரூபாய்தான்.

அந்த மூடி செய்யும் வேலை இரண்டு. முதலாவது, உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். மூடி ஒரு பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். அழுத்தம் ஒழுகிவிட்டால் சுற்றியுள்ள காற்றழுத்தம் மட்டுமே கொதிநிலையைத் தீர்மானிக்கும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். அங்கே வெறும் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். என் வண்டியில் ஃபேன் சுற்றத் தொடங்குவதே அந்தச் சூட்டில்தான். சர்வீஸ் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பியதால் கூலண்ட் நீர்த்துப்போயிருந்தது. அந்தக் கலவைக்கு அந்த உயரத்தில் கொதிக்கச் சாதாரண ஏற்றச் சுமையே போதுமானதாக இருந்தது. ஊருக்குள் ஒருபோதும் தெரியாத குறை மலையில் வெளிப்பட்டதற்கு இதுவே காரணம்.

மூடியின் இரண்டாவது வேலை, சூட்டில் விரிந்து டேங்குக்குப் போன கூலண்டை வண்டி ஆறும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்வது. வளையம் வெடித்திருந்தால் கூலண்டுக்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே போகும். ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் டேங்குக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டர் வற்றிக்கொண்டே போகும். ஆகவே டேங்கின் கோட்டை மட்டும் பார்த்துக் கூலண்ட் சரி என்று சொல்வது பரிசோதனையே ஆகாது. மாதம் ஒருமுறை, காலையில் குளிர்ந்திருக்கும்போது, மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்தில் பல பகுதிகளின் போர் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படியும். அதே படிவு எஞ்சினின் நீர்வழிகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியக் குழாய்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். செம்பு ரேடியேட்டர் காலத்தில் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார்கள். பிளாஸ்டிக் தொட்டியோடு மடித்து இறுக்கிய இப்போதைய அலுமினிய ரேடியேட்டருக்கு அது ஒத்துவராது. ஆசிட் ஊற்றினால் அலுமினியத்தையே அரித்துவிடும். அந்த முதியவர் பழைய கூலண்டை வடித்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, புதிய கூலண்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். காற்றுக்குமிழ் முழுதும் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார்.

இப்போது மறுபடியும் அந்த விளக்குக்கு வருகிறேன். நியாயமாகப் பார்த்தால் முள் இருக்கும் கார்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஓட்டுபவர் பதற்றப்படக் கூடாது என்பதற்காக, பல கார்களில் இருபது முப்பது டிகிரி வித்தியாசத்துக்கும் முள் நடுவிலேயே நிற்குமாறு அமைத்திருக்கிறார்கள். ஆனாலும் நடுவை விட்டு நகரத் தொடங்கும் முள் ஓர் எச்சரிக்கை. எரியும் சிவப்பு விளக்கோ நடந்து முடிந்ததன் அறிவிப்பு. அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். ஹோஸ் வெடித்துக் கூலண்ட் மொத்தமும் வடிந்துவிட்டால், காற்றில் தொங்கும் சென்சார் குறைவான சூட்டையே காட்டக்கூடும். ஹெட் வளைந்துபோகும் வரை விளக்கு எரியாமலேகூட இருக்கலாம். சென்சார் டிகிரிக் கணக்கில் அளந்து கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணை எனக்கும் காட்டுவதற்கு நிறுவனத்துக்கு என்ன செலவாகிவிடும்? டேஷ்போர்டில் திரை இருக்கிறது, எண் காட்டும் வசதி இருக்கிறது, காட்ட மனம்தான் இல்லை. இதில் என்னால் சமாதானம் ஆக முடியவில்லை.

காரின் கணினியிலிருந்து தகவல் எடுப்பதற்காக ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் செருகும் சிறிய ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கி, இப்போது அந்த எண்ணைக் கைபேசியில் பார்க்கிறேன். சமவெளியில் 88 முதல் 94 வரை; மலையேற்றத்தில் 100 வரை போய், ஃபேன் சுற்றச் சுற்ற இறங்கிவிடுகிறது. மூடி மாற்றியபின் ஏசியோடு ஏறியும் அதற்கு மேல் போகவில்லை. மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட இரண்டாவதில் ஏறும்போது எண் குறைவாக இருப்பதையும் கவனித்தேன். எஞ்சின் வேகத்தோடு பம்பும் வேகமாகச் சுற்றுவதே காரணம். இந்த எஞ்சின் எவ்வளவு திறமையாகத் தன் சூட்டை ஆள்கிறது என்பதை இந்தக் கருவி வந்த பிறகே அறிந்தேன், உண்மையில் மகிழ்ந்தேன்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் இதே மாடலில் பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, எடுக்கலாமா என்று கேட்டார். இவ்வளவு பாராட்டிய பிறகும் வேண்டாம் என்றே சொன்னேன். தினமும் அந்த இருபது வளைவுகளை ஏறி இறங்குபவருக்கு, எஞ்சின் சூட்டை மறைக்கும் வண்டி ஏற்றதல்ல. சற்று அதிக விலையானாலும் முள்ளோ எண்ணோ காட்டும் வண்டியைத் தேடுவதே சரி. அவர் இதைத்தான் எடுப்பேன் என்றால், முன்பணம் கொடுக்கும் முன் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவைப் பார்க்கட்டும். தெர்மோஸ்டாட் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா என்று விற்பவரிடம் நேராகக் கேட்கட்டும். எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை என்று குறிக்கும் பி0128 (P0128) என்ற பிழைக் குறியீடு கணினியில் பதிந்திருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.