ஹைகிரவுண்ட் கடையின் ஆக்சிஜன் செறிவூட்டி வாடகைச் சேவை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடும் கடையொன்றிலிருந்து, முக்கூடலில் வசிக்கும் என் தாயாருக்காக, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் செறிவூட்டியை (நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தருவது) பெற்றுப் பயன்படுத்தி வருகிறோம். அவருக்கு இருப்பது மூச்சுக் குழாய்கள் சுருங்கித் திணறல் தரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (COPD). இது புகைபிடிப்பவர்களுக்கு மட்டுமே வருவதில்லை. அவருக்கு விறகடுப்புப் புகையால் வந்தது.

இந்தக் கடையிடம் நான் மிகவும் மதிப்பது, மருத்துவரின் சீட்டு இல்லாமல் கருவியைத் தர மறுப்பதைத்தான். ஓய்வில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நடக்கும்போது எத்தனை, உறக்கத்தில் எத்தனை என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்த பிறகே பணம் வாங்கினார்கள். ஆக்சிஜன் ஒரு மருந்து. இந்நோயாளிகளுள் சிலருக்கு அது அளவு மீறினால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி நினைவு தப்பும் நிலை வரை கொண்டுபோய்விடும் என்பதால், அத்தகையோருக்கு விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 விழுக்காடு இருந்தாலே போதும் என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். திணறலைக் கண்டு பதறும் உறவினர் எவரும் திருகைக் கூட்டிவிடாதபடி, ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் அளவுமானியில் உருண்டை நிற்க வேண்டிய கோட்டருகே ஊழியர் சிவப்பு நாடா ஒட்டிக் கொடுத்தார். அதற்கு எங்கள் குடும்பமே நன்றியுடையது.

காற்றிலுள்ள நைட்ரஜனைச் சியோலைட் என்னும் கனிம மணிகளில் பிடித்து நிறுத்துவதே கருவியின் வேலை. வெளிவரும் ஆக்சிஜன் 90 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதை வீட்டிலேயே அளந்து காட்டினார்கள். தீப்பற்றும் ஆபத்துக்காகச் சாமி விளக்கை வேறு அறைக்கு மாற்றச் சொன்னதும், மூக்கு வறண்டால் எண்ணெயோ வாஸ்லினோ தடவக் கூடாது என்றதும் அவர்களே.

குறை என்று சொல்வதானால், மின்சாரம் பற்றிய பேச்சே எழவில்லை. 350 வாட் கருவி, நீண்டகாலச் சிகிச்சைக்குச் சொல்லப்படும் 15 மணி நேரம் தினமும் ஓடினால், இரண்டு மாதக் கட்டணத்தில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மாற்றுச் சிலிண்டர் இல்லாமல் இருப்பது ஆபத்து. அந்தச் சிலிண்டரை நாங்கள் கேட்ட பிறகுதான் தந்தார்கள்.

மூச்சுப் பயிற்சி கடையின் பொறுப்பன்று என்றாலும், ஒரு தாளிலாவது அச்சிட்டுத் தரலாம். மூக்கால் இழுத்து, சூடான கஞ்சியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் மெல்ல விடும்போது, நுரையீரலில் சுருங்கி மூடும் சிறு மூச்சுக் குழாய்கள் திறந்திருந்து அடைபட்ட காற்று வெளியேறுகிறது. தாயார் இதை மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சையாளரிடம் கற்ற பிறகே, முற்றத்துப் படி ஏறுகையில் வரும் அச்சம் தணிந்தது.

விலைக்கு வாங்குவதா, வாடகையா என்று கேட்பவர்களுக்கு முதலில் வாடகையையே சொல்வேன். நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு அப்போது எழுதப்பட்ட ஆக்சிஜன், இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி அளந்து பார்க்கும்போது தேவைப்படாமலும் போகலாம். இங்கே மாத முடிவில் கருவியைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.