கோன்ஃபிளவர் எதுன்னு பார்க்க ஆப் நல்லதா, கை லென்ஸ் நல்லதா?

அமெரிக்காவுல இலினாய் பிரெய்ரி புல்வெளில ஜூன் கடைசில போனீங்கன்னா, வெளிறின ஊதால இதழ் எல்லாம் கீழ தொங்கிட்டு நடுவுல முள்ளு முள்ளா கூம்பு வச்ச பூ நிக்கும். கோன்ஃபிளவர்னு பார்த்ததும் தெரிஞ்சிரும், ஆனா அதுல எக்கினேசியா பாலிடா, எக்கினேசியா பர்பூரியான்னு ரெண்டு இனம் இருக்கு, எதுன்னு கேட்டாதான் தலை சுத்தும். இதுக்கு போட்டோ பார்த்து செடி பேர் சொல்ற ஐநேச்சுரலிஸ்ட் ஆப், பத்து மடங்கு பெருசா காட்டுற கை லென்ஸ்னு ரெண்டையும் ரெண்டு சீசன் வச்சுப் பார்த்துட்டேன், இப்ப நான் லென்ஸ் கட்சி.

ஆப் ஃப்ரீ, வேகம், அதுல பேச ஒண்ணுமில்ல. ஆரஞ்சு கலர் பட்டர்ஃபிளை மில்க்வீடு மாதிரி சட்டுனு தெரியுற செடின்னா அதுவே போதும்.

சிக்கல் எங்கன்னா, நாம மேல இருந்து பூவை மட்டும் போட்டோ எடுத்துக் கொடுக்கறோம், ஆனா வித்தியாசம் கீழ இலைல இருக்கு. பர்பூரியா இலை அகலமா, ஓரம் பல்லு பல்லா இருக்கும். பாலிடா இலை ஈட்டி மாதிரி ஒடுங்கி நீளமா, ஓரத்துல பல்லே இல்லாம, நரம்பு எல்லாம் நீளவாக்குல ஒண்ணுக்கொண்ணு இணையா ஓடும். ரெண்டுமே சொரசொரன்னுதான் இருக்கும், அதனால தடவிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, நான் பண்ணி ஏமாந்தவன். புதுசா விரிஞ்ச பூ கிடைச்சா லென்ஸ்ல மகரந்தத்தைப் பாருங்க, பாலிடாவுக்கு வெள்ளை, பர்பூரியாவுக்கு மஞ்சள், அதோட கேஸ் முடிஞ்சுது. வேரும் சொல்லும்தான், பாலிடாவுக்கு ஆணிவேர், பர்பூரியாவுக்கு நார் நாரா வேர், ஆனா அதுக்காக காட்டுச் செடியைத் தோண்டுறது பாவம்.

பூ வாரக்கணக்குலதான் நிக்கும், இலை வசந்தத்துல இருந்து இருக்கு, எனக்கு முடிவு பண்ணி வச்சது இதுதான். மே மாசம் ஒரு நர்சரில பாலிடான்னு லேபிள் போட்ட தொட்டி ரெண்டு வாங்கினேன், மொட்டு கூட விடல, ஆப்கிட்ட காட்டினா கோன்ஃபிளவர் வகைன்னு மட்டும் சொல்லிட்டு நின்னுருச்சு. லென்ஸை வச்சு இலை ஓரத்தைப் பார்த்தா வரிசையா பல்லு, அப்ப அது பர்பூரியா! ஆணிவேர்க்காரனை ஒரு தடவை நட்டா அப்புறம் இடம் மாத்துறது கஷ்டம்னு வெயில் நல்லா விழுற இடமா பார்த்து வச்சிருந்தேன், அங்க இது எதுக்கு.

மேற்கே கன்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் அங்கஸ்டிஃபோலியான்னு இன்னொண்ணு இருக்கு, அதுக்கும் இலை ஒடுக்கம், மகரந்தம் மஞ்சள். நான் புத்தகத்துல பார்த்ததோட சரி, அங்க லென்ஸ் எவ்வளவு கை கொடுக்கும்னு அந்தப் பக்கம் சுத்தினவங்கதான் சொல்லணும். ஆப்பை நான் இன்னும் அழிக்கல, அதுக்கும் இப்ப முதல் போட்டோ அடி இலைதான்.