ரெயின் வேர்ல்ட் கற்க எது நல்ல வழி: எளிய பாத்திரமா, கையில் வரைபடமா?

ரெயின் வேர்ல்ட் என்ற சர்வைவல் கேமைத் தொடங்குகிற எவரும் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். எந்தப் பாத்திரத்துடன் தொடங்குவது என்பது முதலாவது. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களையும் வீடியோக்களையும் துணைக்கு வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்பது இரண்டாவது. மதுரையில் எனக்குத் தெரிந்த இளைஞர்கள் பெரும்பாலும் 'சர்வைவர்' என்ற கடினமான பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கடினத்தை ஈடுகட்டக் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். சர்வைவரில் ஆடினேன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள முடிகிறது; வழி தவறுகிற எரிச்சலும் இல்லை. என் கருத்து இதற்கு நேர்மாறானது. எளிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, எந்த வரைபடமும் பார்க்காமல் ஆடுவதே இந்த விளையாட்டைக் கற்பதற்கு ஏற்ற வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

காரணத்தைச் சொல்லுமுன் விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். யோவார் யாக்கப்சன், ஜேம்ஸ் தெரியன் ஆகியோரின் வீடியோகல்ட் நிறுவனம் இதை உருவாக்க, அடல்ட் ஸ்விம் கேம்ஸ் 2017 மார்ச் 28 அன்று கணினிக்கும் பிளேஸ்டேஷன் 4க்கும் வெளியிட்டது. பூனையும் நத்தையும் கலந்தது போன்ற ஸ்லக்கேட் என்ற சிறிய விலங்காக, குடும்பத்தைப் பிரிந்த நிலையில், பாழடைந்த பெரிய தொழிற்கூடங்களுக்கு நடுவே நாம் வாழ வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எலும்பை நொறுக்கும் மழை வருகிறது. அதற்குள் போதிய அளவு உண்டு, ஒரு புகலிடத்துக்குள் நுழைந்து உறங்கிவிட வேண்டும். பெருநகரத்தில் வாழும் எலிக்கு எங்கே உணவு கிடைக்கும், எங்கே ஒளியலாம் என்பது தெரியும்; அந்தச் சுரங்க ரயில் எதற்காக ஓடுகிறது என்பது தெரியாது. அந்த எலியின் நிலையில் ஆடுபவரை வைப்பதே உருவாக்கியவர்களின் எண்ணமாக இருந்தது. வெளிவந்த நேரத்தில் விமர்சகர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்ததற்கும் இதுவே காரணம். விளையாட்டு எதையும் விளக்கிச் சொல்வதில்லை என்பது சிலருக்குக் குறையாகவும் சிலருக்கு உயிராகவும் தோன்றியது.

இதன் உயிரினங்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கற்க வேண்டிய பாடம் அனைத்தும் அவற்றிடம்தான் இருக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரு விலங்கின் ஓட்டமும் பாய்ச்சலும் முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்டவை. இங்கே பல்லிகளின் உடல், ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பாகங்களாக ஒவ்வொரு கணமும் கணக்கிடப்பட்டு, அதன்மேல் உருவம் வரையப்படுகிறது. அதனால் ஒரே பல்லி ஒரே மேட்டில் இரண்டு முறை ஏறினாலும் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கால் வழுக்குகிறது, தடுமாறுகிறது, திரும்பிப் பார்க்கிறது. நாம் வேறு திரைக்குப் போன பிறகும் அவை மறைந்துவிடுவதில்லை. எளிய கணக்கில் அவற்றின் வாழ்க்கை தொடர்ந்து நடக்கிறது. பசித்தால் இரை தேடுகின்றன, வேறு பல்லியோடு மோதுகின்றன, நாம் திரும்பி வரும்போது விட்ட இடத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம் உண்டு. பச்சைப் பல்லி கனமானது. தரையில் முட்டிக்கொண்டு வரும், கம்பத்தில் ஏறாது. இளஞ்சிவப்புப் பல்லி கம்பத்தில் ஏறிவிடும். நீலப் பல்லி சிறியது. சுவரில் ஊர்ந்து நாக்கை நீட்டி இழுக்கும். வெள்ளைப் பல்லி சுவரின் நிறத்தையே போர்த்திக்கொண்டு அசையாமல் கிடக்கும். உற்றுப் பார்த்தால் சுவரின் ஒரு பகுதி மட்டும் லேசாக நடுங்குவது தெரியும். மஞ்சள் பல்லிகள் கூட்டமாக, தங்களுக்குள் தொடர்புகொண்டு வேட்டையாடும். கறுப்புப் பல்லிக்குக் கண் தெரியாது; சத்தத்தை வைத்துத் தேடும். பல்லியின் தலையில் ஈட்டியை எறிந்தால் தெறித்து விழும். கல்லால் அடித்தால் சிறிது நேரம் நிலைகுலையும். தொடர்ந்து உணவு கொடுத்தால் அதே பல்லி நம்மோடு இணக்கமாகி, நமக்காகச் சண்டையிடவும் செய்யும். நம் வீட்டு டியூப்லைட் அருகே பூச்சிக்காகக் காத்திருக்கும் பல்லியைப் பார்த்து வளர்ந்த யாருக்கும், இந்த உயிரினங்கள் இரைக்கும் தமக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து நிற்கும் விதம் உடனே புரியும்.

இனி பாத்திரங்கள். சர்வைவர் என்பதே விளையாட்டின் அடிப்படைப் பாத்திரம். உறங்குவதற்கு நான்கு அளவு உணவு வேண்டும், ஏழு வரை சேமிக்கலாம். 2017 இறுதியில் சேர்க்கப்பட்ட மாங்க் பாத்திரத்துக்கு மூன்று அளவு போதும், ஐந்து வரை சேமிக்கலாம். உயிரினங்களின் மூர்க்கமும் குறைவு. இவற்றைவிடப் பெரிய வேறுபாடு வாயில்களில் இருக்கிறது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குச் செல்லும் வாயில் திறக்க, நமக்குக் குறிப்பிட்ட கர்மா நிலை வேண்டும். உயிரோடு உறங்கி எழுந்தால் கர்மா ஒரு படி ஏறும். இறந்தால் ஒரு படி இறங்கும். மாங்க் ஒருமுறை கடந்த வாயில் அதன்பின் நிரந்தரமாகத் திறந்தே இருக்கும். சர்வைவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஹன்டர் பாத்திரத்தைப் புதியவர்கள் நினைக்கவே வேண்டாம். உறங்க ஆறு அளவு உணவு வேண்டும், வாழ்நாளும் எண்ணி வைக்கப்பட்டது.

இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத் திருநகரில், என் அக்கா வீட்டிலேயே கிடைத்தது. அக்காவின் மகன் கல்லூரியில் படிக்கிறான். மகள் பிளஸ் டூ முடித்து விடுமுறையில் இருந்தாள். ஒரே லேப்டாப்பில் இருவரும் மாறி மாறி ஆடினார்கள். அவன் எடுத்தது சர்வைவர், பக்கத்தில் கைப்பேசியில் வரைபடம். அவள் எடுத்தது மாங்க், துணைக்கு எதுவும் இல்லை.

தொடக்கத்தில் அவனுடைய வழிதான் வேகமாகத் தெரிந்தது. தொடக்கப் பகுதியான அவுட்ஸ்கர்ட்ஸிலிருந்து எந்தப் பக்கம் போனால் எந்த வாயில் வரும், எங்கே புகலிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. நீர் நிறைந்த டிரெயினேஜ் சிஸ்டம் பகுதியில் அட்டைகள் மொய்த்து மூழ்கடிக்கும் என்பதை அறிந்து, அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்கினான். இது உண்மையான ஆதாயம். இதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. சிக்கல் இண்டஸ்ட்ரியல் காம்ப்ளெக்ஸில் வந்தது. வரைபடம் காட்டிய குழாயின் வாய்க்கு அருகில் ஓர் இளஞ்சிவப்புப் பல்லி திரிந்துகொண்டிருந்தது. "மாமா, மேப்ல இந்த வழிதான் போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவன் மீண்டும் மீண்டும் அதே குழாயை நோக்கி ஓடினான். ஒவ்வொரு சாவுக்கும் கர்மா இறங்கியது. கடைசியில் குழாயைத் தாண்டியபோது வாயிலைத் திறக்கும் நிலையில் கர்மா இல்லை. பாதுகாப்பான இடத்துக்குத் திரும்பி, உண்டு உறங்கி, கர்மாவை ஏற்றுவதற்கே பல மாலைகள் போயின. வழி எது என்பதை வரைபடம் சரியாகத்தான் சொன்னது. அந்த வழியில் இன்று யார் நிற்கிறார், எவ்வளவு பசியோடு நிற்கிறார் என்பதை எந்த வரைபடமும் சொல்ல முடியாது, ஏனெனில் அது ஒவ்வொரு சுற்றிலும் மாறுகிறது.

அவளோ பெரும்பாலான நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமலேயே அலைந்தாள். ஒரு மாலை ஒரு கம்பத்தின் உச்சியில் தொற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். கீழே ஒரு பச்சைப் பல்லி சுற்றிச் சுற்றி வந்தது. ஏன் எதுவும் செய்யாமல் இருக்கிறாய் என்று கேட்டேன். "பேசாம இருங்க மாமா, அதுக்கு ஏறத் தெரியாது. இன்னொண்ணு வரட்டும், ரெண்டும் மல்லுக்கட்டும்" என்றாள். சிறிது நேரத்தில் குழாயிலிருந்து வேறொரு பல்லி வந்தது; முதலில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையைத் தாழ்த்தின, பிறகு கடித்துப் புரண்டன. அந்த இடைவெளியில் அவள் இறங்கி, தொங்கிக்கொண்டிருந்த நீலக் கனியைப் பறித்து, இரண்டுக்கும் பின்னாலேயே நடந்து அடுத்த திரைக்குப் போனாள். பச்சைப் பல்லி ஏறாது என்பதையும், பல்லிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் என்பதையும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செத்துச் செத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். மாங்காக ஆடியதால் அந்தச் சாவுகள் அவளைப் பழைய பகுதிக்குள் பூட்டி வைக்கவில்லை.

எளிய பாத்திரம் தவறுகளின் விலையைக் குறைக்கிறது, ஆனால் பல்லிகள் பல்லிகளாகவே இருக்கின்றன. வேறு சில விளையாட்டுகளில் எளிய நிலை இப்படி அமைவதில்லை. கனடாவின் பனிக்காட்டில் நடக்கும் த லாங் டார்க் விளையாட்டின் பில்கிரிம் நிலையில் ஓநாய்கள் தாமாகத் தாக்க வருவதில்லை. குளிரையும் பசியையும் அங்கே கற்கலாம். ஓநாயைக் கற்க முடியாது. அடுத்த நிலைக்குப் போகும்போது விலங்குகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ரெயின் வேர்ல்டில் மாங்காகக் கற்ற அனைத்தும் சர்வைவருக்கு அப்படியே செல்லுபடியாகும் என்பதால், எளிய பாத்திரத்தை எடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

வீடியோக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். திறமையானவர்கள் ஆடும் காட்சியில் வேகம் தெரியும். சுவரில் ஈட்டியைக் குத்தி அதன்மேல் ஏறுவது, சறுக்கிக்கொண்டே குதிப்பது போன்ற உடல் வித்தைகளைக் கற்க அவை நன்றாகவே உதவும். ஆனால் ஓர் அறைக்குள் நுழைந்ததும் அவர்கள் எதைப் பார்த்தார்கள், ஏன் காத்திருந்தார்கள், ஏன் திரும்பிப் போனார்கள் என்பது படத்தில் தெரிவதில்லை. பல வீடியோக்களில் காத்திருக்கும் பகுதியையே வெட்டிவிடுகிறார்கள். ஏற்கெனவே ஆடிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இதைவிடப் பல மடங்கு நல்லது, அவர் வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிந்தவராக இருந்தால். வழியைச் சொல்லாமல், "அது எதைப் பார்க்குது?" என்று மட்டும் கேட்கிற துணை ஒருவர் கிடைத்தால், அவரை விட்டுவிட வேண்டாம்.

சர்வைவரை எடுத்து, வரைபடமும் இல்லாமல் ஆடுவது மூன்றாவது வழி. உருவாக்கியவர்கள் முதலில் தந்த வடிவம் இதுதான் என்பதால் இதற்கு ஒரு நேர்மை உண்டு. ஓவர்சியர் என்ற மஞ்சள் நிற வழிகாட்டி ஒன்று அவ்வப்போது தோன்றி, உணவையும் புகலிடத்தையும் ஒளியால் ஆன உருவங்களாகக் காட்டும். அது ஒன்றே துணை. தோல்வியை நீண்ட நாள் தாங்கும் பொறுமையும், தொடர்ச்சியான நேரமும் உள்ளவர்களுக்கு இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். வேலைக்குப் போய்விட்டு இரவில் சிறிது நேரம் ஆடுபவர்களுக்கு இது ஒத்துவராது. கர்மாவை மீண்டும் ஏற்றும் சுற்றுகளே அவர்களின் வாரத்தைத் தின்றுவிடும்.

கருவி விஷயத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. விசைப்பலகையும் கேம்பேடும் இரண்டுமே சரிதான்; டவுன்ஹால் ரோட்டில் கேம்பேட் வாங்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மின்சாரம்தான் கவலை. முன்னேற்றம் புகலிடத்தில் உறங்கும்போதுதான் பதிவாகிறது. சுற்றின் நடுவே வெளியேறினால், தொடங்கிய சில நொடிகளைத் தவிர, அது தோல்வியாகவே கணக்கில் சேரும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் யூபிஎஸ் இல்லாத கணினியில் ஆடுவதைத் தவிர்க்க வேண்டும். மின்கலம் உள்ள லேப்டாப்பில் அந்தக் கவலை இல்லை.

வரைபடத்தை என்றுமே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பல்லியின் நிறத்தைப் பார்த்ததும் கை தானாகச் சரியான பக்கம் திரும்பும் நிலை வந்த பிறகு, அதாவது பல பகுதிகளைச் சொந்தமாகக் கடந்த பிறகு, உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் வண்ண முத்துகளைத் தேடும்போது இணையப் பக்கங்கள் பெரிதும் பயன்படும். அவற்றைத் தனியாகக் கண்டுபிடிக்க ஓர் ஆண்டும் போதாது. 2023 ஜனவரியில் கணினிக்கு வந்த டவுன்போர், 2025 மார்ச்சில் வந்த த வாட்சர் ஆகிய இரண்டு கூடுதல் தொகுப்புகளையும் அதன் பிறகே வாங்கலாம். அக்கா மகன் இப்போது சர்வைவரை நிறுத்தி வைத்துவிட்டு மாங்காகப் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். தங்கையின் முன்னேற்றத்தை அவன் தொடக் கூடாது என்பதற்காக இருவருக்கும் தனித்தனிச் சேமிப்பு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன்.