பர்னாலாவா, பாத்திமா பீவியா? விடைபெறும் கவர்னரை எதை வைத்து எடைபோடுவது

ஒரு கவர்னர் கிண்டி ராஜ்பவனைக் காலி செய்துகொண்டு கிளம்பும்போது அவரைப் பற்றிய தீர்ப்பை முதலில் சொல்வது கட்சிகள்தான். ஆளுங்கட்சிக்குக் குடைச்சல் கொடுத்தவர் என்றால் ஒரு பக்கம் வசை, மறுபக்கம் வாழ்த்து. கொடுக்காதவர் என்றால் அப்படியே தலைகீழ். கட்சிக்காரர்கள் அப்படிப் பேசுவது இயல்பு. நாமும் அதையே திருப்பிச் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதைப் பேச நமக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். 1991-ல் போன சுர்ஜித் சிங் பர்னாலா, 2001-ல் போன எம். பாத்திமா பீவி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். இருவரும் பதவியை விட்டது டெல்லியின் அதிருப்தியால். மாநில ஆட்சியைக் கலைக்க உதவும்படியான அறிக்கையை இருவருமே கொடுக்கவில்லை. ஆனாலும் பர்னாலா பெயரை இன்றும் மரியாதையோடு சொல்கிறோம், பாத்திமா பீவி பெயரைச் சொன்னால் முகம் சுளிக்கிறோம். இந்த வித்தியாசத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதி கட்சி ஞாபகம்.

எழுத மறுத்த அறிக்கை

பர்னாலா 1990 மே மாதம் வி.பி. சிங் ஆட்சிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தார். தி.மு.க. அப்போது தேசிய முன்னணியில் இருந்தது. சரி, நண்பர்களின் ஆட்சிக்கு நண்பர்கள் அனுப்பிய கவர்னர் என்று அன்றே சொன்னார்கள். நவம்பரில் டெல்லியில் காட்சி மாறியது. காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க, சந்திரசேகர் பிரதமரானார். அதே காங்கிரஸ் இங்கே அ.தி.மு.க.வின் கூட்டாளி. விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தைக் கருணாநிதி அரசு கண்டுகொள்ளவில்லை, சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது, ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது.

இந்தக் குற்றச்சாட்டைக் காற்றில் வந்தது என்று தள்ளிவிட முடியாது. 1990 ஜூனில் சென்னையிலேயே ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற இலங்கைத் தமிழ் இயக்கத்தின் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பின்னால் ராஜீவ் காந்தி கொலையின் சதியை விசாரித்த ஜெயின் கமிஷனின் 1997 இடைக்கால அறிக்கையும் அந்தத் தி.மு.க. ஆட்சியைக் கடுமையாகவே சாடியது. பர்னாலா செய்தது தவறு என்று வாதிடுபவர்கள் இங்கிருந்துதான் தொடங்குவார்கள், தொடங்கட்டும்.

ஆனால் கவர்னர் முன் இருந்த கேள்வி ‘இந்த ஆட்சி நல்ல ஆட்சியா’ என்பது இல்லை. அரசமைப்புச் சட்டப்படி இந்த மாநிலத்தில் ஆட்சி நடத்தவே முடியாத நிலை வந்துவிட்டதா என்பதுதான். 356-வது பிரிவு கேட்பது அதைத்தான். 1989-ல் மக்கள் வாக்களித்துப் பெரும்பான்மையோடு அமர்த்திய அரசு அது. அந்தப் பெரும்பான்மை சட்டமன்றத்தில் அப்படியே இருந்தது. பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ‘கவர்னரின் அறிக்கையின் பேரிலோ அல்லது வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் திருப்தியடைந்தால் ஆட்சியைக் கலைக்கலாம் என்கிறது 356. அந்த ‘வேறு வகையிலோ’ என்ற சந்து வழியாகத்தான் 1991 ஜனவரி 30 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், தமிழ்நாட்டுக்காரர். 1976-ல் இதே கட்சியின் ஆட்சியைக் கலைக்கக் கவர்னர் கே.கே. ஷாவின் அறிக்கை டெல்லிக்குக் கிடைத்தது. 1991-ல் அது கிடைக்காததால், செய்ததைத் தன் பொறுப்பிலேயே டெல்லி செய்ய வேண்டியதாயிற்று. பர்னாலாவால் கலைப்பைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அதற்கு ஒரு கவர்னரின் சாட்சியம் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டார். என் கணக்கில் இது பெரிய விஷயம்.

தண்டனையாகப் பீகாருக்கு மாற்றல் வந்தது. அங்கே போய் இன்னொரு ராஜ்பவனில் உட்கார அவர் சம்மதிக்கவில்லை, ராஜினாமா செய்தார். 1987-ல் பஞ்சாபில் முதல்வராக இருந்த அவருடைய சொந்த ஆட்சியே இதே 356-ஆல் போனது. கலைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் தெரிந்த மனிதர்.

பிறகு வந்த தேர்தலில் தி.மு.க. படுதோல்வி அடைந்ததே, மக்களே கலைப்பை ஆமோதித்துவிட்டார்களே என்று கேட்பவர்கள் உண்டு. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு நடந்த தேர்தல் அது. அந்தக் கொலை நடந்தபோது தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. புலிகளைக் கட்டுப்படுத்தத்தான் கலைத்தோம் என்ற வாதத்துக்கு இதைவிடக் கசப்பான பதில் இருக்க முடியாது.

எழுதிய மூன்று கையெழுத்துகள்

பாத்திமா பீவியைப் பற்றிப் பேசும்போது முதலில் அவர் யார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பத்தனம்திட்டாவில் பிறந்து, 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர். 1997 ஜனவரியில் இங்கே கவர்னரானார். அரசியலிலிருந்து வந்த பர்னாலாவைவிடச் சட்டம் தெரிந்தவர் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அதனாலேயே அவரிடம் கண்டிப்பாக இருக்கத் தோன்றுகிறது.

முதல் முடிவு, இப்போது அதிகம் பேசப்படாதது. ராஜீவ் கொலை வழக்கில் நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வரின் தூக்குத் தண்டனையை 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர்களின் கருணை மனுக்களை அக்டோபரில் கவர்னர் நிராகரித்தார். அமைச்சரவையைக் கேட்காமலேயே. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கருணை மனுவில் கவர்னர் தன்னிச்சையாக முடிவெடுக்க முடியாது, அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். கோப்பு அமைச்சரவைக்குப் போய்த் திரும்பியது. 2000 ஏப்ரலில் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது, மற்ற மூவரின் மனுக்கள் மறுபடி நிராகரிக்கப்பட்டன. நான்கு உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கோப்பில், கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் போட்ட கையெழுத்து அது. உயர் நீதிமன்றம் தலையிடாமல் இருந்திருந்தால் நளினியின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

இரண்டாவது, 2001 மே 14. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்குகளில் 2000 அக்டோபரில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை கிடைத்திருந்தது. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டாலும் குற்றவாளி என்ற தீர்ப்பு நின்றது. ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு தொகுதிகளில் போட்ட மனுக்களும் தள்ளுபடியாயின. ஆனால் அ.தி.மு.க. 132 இடங்களில் வென்றது. சட்டமன்றக் கட்சி அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. எம்.எல்.ஏ. அல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற 164(4) பிரிவின் நிழலில் கவர்னர் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்.

பாத்திமா பீவிக்கு ஆதரவான வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மக்கள் யாரை முதல்வராக்க வாக்களித்தார்கள் என்பதில் துளி சந்தேகமும் இல்லை. பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தெடுத்தவரை வேண்டாம் என்று சொல்ல ஒரு நியமன கவர்னர் யார்? மாநில உரிமை பேசும் யாருக்கும் இந்தக் கேள்வி கனமானது. பின்னால் டான்சி வழக்குகளில் ஜெயலலிதா விடுதலையும் ஆனார்.

இருந்தும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆறு மாதம், தேர்தலில் நிற்கத் தகுதியுள்ள ஒருவர் நின்று ஜெயித்து வருவதற்கான அவகாசம். நிற்கவே தகுதியில்லை என்று சட்டம் சொன்ன ஒருவருக்கு அதைக் கொடுத்தால், தகுதி நீக்கம் என்ற ஏற்பாட்டுக்கே பொருள் இல்லாமல் போகும். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் பி.ஆர். கபூர் வழக்கில் அதைத்தான் சொன்னார்கள். மக்கள் விருப்பமும் அரசமைப்புக்கு உட்பட்டுத்தான் செல்லும். ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று ஆனது, ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். பெரும்பான்மைக் கட்சியிடம் ‘தகுதியுள்ள வேறொருவரைச் சொல்லுங்கள்’ என்று கேட்க மே மாதமே வழி இருந்தது. கவர்னர் கேட்கவில்லை.

மூன்றாவது, அவர் பதவியையே பறித்தது. 2001 ஜூன் 30 அதிகாலையில், சென்னையில் மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு என்ற வழக்கில் கருணாநிதி கைது செய்யப்பட்டார். 77 வயதுக்காரரைப் போலீஸ் இழுத்துச் சென்ற காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும்கூடக் கைதானார்கள். வாஜ்பாய் அரசு கவர்னரிடம் அறிக்கை கேட்டது. வந்த அறிக்கை மாநில அரசு சொன்னதையே ஒட்டி இருந்தது, சுயமாக எதையும் மதிப்பிடவில்லை என்று டெல்லி கொதித்தது. அவரைத் திரும்பப் பெறும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. அவர் ராஜினாமா செய்தார்.

இங்கேதான் நான் பொதுக்கருத்திலிருந்து விலகுகிறேன். அந்தக் கைது அராஜகம், சந்தேகமே இல்லை. அந்த இரவில் என்ன நடந்தது என்று தானே விசாரித்து எழுத வேண்டிய கடமை ஒரு முன்னாள் நீதிபதிக்குக் கட்டாயம் இருந்தது. அதில் அவர் தவறினார். ஆனால் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத பெரும்பான்மை அரசை ஒரு கைதுக்காகக் கலைக்க வழி செய்யும் அறிக்கையை அவர் எழுதவில்லை என்பதும் உண்மை. 1991-ல் பர்னாலாவிடம் நாம் மெச்சுவது எதுவோ, அதன் சாயல் இதில் இருக்கிறது. ஒன்றில் பாதிக்கப்பட்டது தி.மு.க., மற்றொன்றில் தப்பித்தது அ.தி.மு.க. என்பதற்காக அளவுகோலை மாற்ற முடியாது.

டெல்லி அவரை அனுப்பிய விதமும் சரியில்லை. கவர்னர் மத்திய அரசின் ஊழியர் அல்ல என்று 1979-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை என்று 156-வது பிரிவு சொன்னாலும், மனம்போன போக்கில் நீக்கக் கூடாது என்பதையும் 2010-ல் பி.பி. சிங்கால் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. பர்னாலாவுக்கு நடந்தது அநியாயம் என்றால், பாத்திமா பீவிக்கு நடந்ததும் அநியாயத்தில்தான் சேரும்.

யாருடையது நிலைத்தது

பர்னாலாவுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. 2004 நவம்பரில் அவர் திரும்பி வந்தபோது முதல்வர் ஜெயலலிதா. முந்தைய கவர்னர் ராமமோகன் ராவை மாற்றியதை எதிர்த்தவர். டெல்லியிலோ தி.மு.க. பங்கேற்ற ஆட்சி. பழைய விசுவாசத்தைக் காட்ட வேண்டும் என்றால் இதைவிடத் தோதான நேரம் இல்லை. பர்னாலா எந்த வம்புக்கும் போகவில்லை. 2006-ல் தி.மு.க.வுக்கு 96 இடங்கள்தான், தனிப் பெரும்பான்மை இல்லை. கூட்டணி ஆதரவோடு கருணாநிதி பதவியேற்று ஐந்தாண்டும் முடித்தார். 2011-ல் ஜெயலலிதாவுக்கும் பதவிப் பிரமாணம் செய்து வைத்துவிட்டு, அந்த ஆகஸ்டில் பர்னாலா விடைபெற்றார். ‘நண்பர்களின் கவர்னர்’ என்று 1991-ல் சொன்னவர்களுக்கு இந்த ஏழு ஆண்டுகள்தான் பதில். முதல் முறை போனதை மட்டும் பேசிவிட்டு இந்த அமைதியான காலத்தை விட்டுவிடுகிறோம்.

அப்புறம் ஒரு முரண். பர்னாலாவின் மறுப்பு ஒரு முன்னுதாரணமாக இருக்கிறது, சட்டமாக இல்லை. 1994-ல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 356-க்குக் கடிவாளம் போட்டது வேறு மாநிலங்களின் கலைப்புகளை வைத்து. பாத்திமா பீவியின் பிழைகளோ நேரடியாகத் தீர்ப்புகளாயின. 2017 பிப்ரவரியில் சசிகலாவை அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சி தேர்ந்தெடுத்தபோது, சொத்துக் குவிப்பு வழக்கின் தீர்ப்பு வரும்வரை கவர்னர் வித்யாசாகர் ராவ் பதவிப் பிரமாணம் செய்து வைக்கவில்லை. அவர் தாமதித்தது சரியா என்று தனியாக விவாதிக்கலாம். ஆனால் 2001 என்ற பாடம் இல்லாமல் அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதேபோல ராஜீவ் கொலை வழக்கின் ஏழு பேரை விடுவிக்க 2018 செப்டம்பரில் அமைச்சரவை செய்த பரிந்துரையைக் கவர்னர் பன்வாரிலால் புரோஹித் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று பேரறிவாளனை விடுதலை செய்த உச்ச நீதிமன்றம், அமைச்சரவையின் முடிவு கவர்னரைக் கட்டுப்படுத்தும் என்றது. 1999 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பாத்திமா பீவிக்குச் சொன்ன அதே விதி. 22 ஆண்டுகள் கழித்தும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கான பெருமை நீதிமன்றங்களுக்கு, பாத்திமா பீவிக்கு இல்லை. இருவரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் தயங்காமல் பர்னாலா என்பேன். பாத்திமா பீவியின் மீது மூன்று கோப்புகளில் இரண்டரைக்கு எனக்குக் குறை உண்டு. மீதி அரைக் கோப்புக்கு, அதாவது 2001 ஜூலையில் டெல்லிக்கு ஒரு ஆட்சிக் கலைப்பை எடுத்துக் கொடுக்காததற்கு, அவருக்குச் சேர வேண்டிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை. 2023 நவம்பரில் அவர் இறந்தபோது எல்லோரும் முதல் பெண் நீதிபதியை நினைவுகூர்ந்தார்கள். கவர்னராக அவர் செய்ததை நிதானமாகப் பேச அப்போதுகூட அதிகம் பேர் முன்வரவில்லை.