என்ஜின்எக்ஸா, அப்பாச்சியா, கேடியா: நண்பர் கேட்டதற்காக எழுதியது

புது விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) எந்த வெப் சர்வர் (உலாவிக்கு வலைப்பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்) போடலாம் என்று நண்பர் கேட்டார். பல வருஷமாக என்ஜின்எக்ஸ்தான் ஓட்டுகிறேன், அதற்கு முன் அப்பாச்சி, இப்போது சின்னத் தளங்களுக்குக் கேடி. வேகம், மெமரி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். என்னை இன்றுவரை கடுப்பேற்றுவது என்ஜின்எக்ஸின் ஆட்_ஹெடர், அதாவது பக்கத்தோடு சேர்ந்து உலாவிக்குப் போகும் ஹெடர் என்ற குறிப்பு வரிகளைச் சேர்க்கும் கட்டளை.

கான்ஃபிக் கோப்பில் தளம் முழுவதற்குமான சர்வர் பிளாக்கில் ஹெச்எஸ்டிஎஸ், எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ், நோஸ்னிஃப் என்ற பாதுகாப்பு ஹெடர்கள் மூன்றையும் ஒழுங்காகப் போட்டு வைத்திருப்போம். அப்புறம் யாரோ ஒருத்தர் உள்ளே ஒரு லொகேஷன் பிளாக்கில் (தளத்தின் ஒரு பாதைக்கு மட்டுமான பகுதி) கேஷ்-கன்ட்ரோலுக்காக (பக்கத்தை உலாவி சேமித்து வைக்கலாமா என்று சொல்லும் ஹெடர்) ஒரே ஒரு ஆட்_ஹெடர் வரி சேர்ப்பார். அவ்வளவுதான், அந்த லொகேஷனுக்கு மேலே இருந்த மூன்றும் போயே போச்சு. உள்ளே ஒன்று இருந்தால் வெளியே உள்ளது எதுவும் இறங்காது என்பதுதான் விதி, ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் கான்ஃபிக்கைச் சோதிக்கும் என்ஜின்எக்ஸ் -டி கொடுத்தால் சிண்டாக்ஸ் ஓகே என்கிறது, லாகில் ஒரு எச்சரிக்கை கிடையாது. ஒரு வாடிக்கையாளரின் லாகின் பக்கத்துக்குக் கர்ல் என்ற கட்டளையைப் போட்டு ஹெடரைப் பார்த்தால் கேஷ்-கன்ட்ரோல் மட்டும் தனியாக நிற்கிறது. பாதுகாப்பு கழன்று விழும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? என்ஜின்எக்ஸ் 1.29.3 பதிப்பில் ஆட்_ஹெடர்_இன்ஹெரிட் வந்துவிட்டது, மெர்ஜ் என்று கொடுத்தால் எல்லாம் சேர்ந்து இறங்கும். 2004-இல் வெளிவந்த மென்பொருளுக்கு இது ரொம்பத் தாமதம். லினக்ஸ் டிஸ்ட்ரோ தரும் பழைய பதிப்பில் இருப்பவர்கள் இன்னும் ஒவ்வொரு பிளாக்கிலும் பொதுவான ஹெடர் கோப்பை இழுக்கும் இன்க்ளூட் வரி போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்பாச்சியில் இந்தத் தொல்லை இல்லை, வெளியே போட்ட ஹெடரும் உள்ளே போட்டதும் சேர்ந்தே வரும். அதற்காக அதை ரொம்பவும் தூக்கிப் பேசவும் முடியாது. 2021-இல் அதன் 2.4.49 பதிப்பில், தளத்தின் கோப்புறையைத் தாண்டி வெளியே உள்ள கோப்புகளையும் எடுக்க விடும் ஓட்டை வந்தது, 2.4.50-இல் போட்ட திருத்தம் அரைகுறை, 2.4.51-இல்தான் அடைபட்டது. ரூட் கோப்புறைக்கு அனுமதி மறுக்கும் ரிக்வயர் ஆல் டினைட் என்ற வரியை எடுக்காமல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், அந்த வரியை யாரும் தொடாதீர்கள்.

கோரிக்கைகள் வரும் வேகத்துக்கு வரம்பு வைக்கும் என்ஜின்எக்ஸின் லிமிட்_ரெக் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஹெச்டிடிபி பிளாக்கில் ஒரு வரி, லாகின் லொகேஷனில் ஒரு வரி, கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கும் பாட்களுக்கு 503 என்ற மறுப்புப் பதில் போகும், பின்னால் இருக்கும் பிஹெச்பி நிம்மதியாக இருக்கும். கான்ஃபிக்கை மாற்றி ரீலோட் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இணைப்பும் அறாது. இத்தனை வருஷத்தில் அது தானாகச் செத்து நான் பார்த்ததே இல்லை.

கேடியில் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழ் வாங்குவது, புதுப்பிப்பது, ஹெச்டிடிபியை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்புவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது, டொமைன் பெயரை எழுதினால் போதும். கோ மொழியில் எழுதியதால் சி மொழிக்கே உரிய பஃபர் ஓவர்ஃபுளோ (ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதும் பிழை) வகைப் பயமும் பெரும்பாலும் இல்லை. லிமிட்_ரெக் போன்ற ரேட் லிமிட் மட்டும் கூடவே வராது, எக்ஸ்கேடி என்ற கருவியை வைத்துப் பிளகினோடு பில்ட் பண்ண வேண்டும், அது பெரிய குறைதான்.

என்ஜின்எக்ஸை இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்குக் கேடி போடு என்றுதான் சொன்னேன். அவர் தளத்தில் இன்னும் மூன்று பேர் கான்ஃபிக்கில் கைவைப்பார்கள், ஹெடர் காணாமல் போனதா என்று தினமும் கர்ல் போட்டுப் பார்க்க அங்கே ஆள் இல்லை.