ஒன்பது வருடம், ஒரே டெஸ்க்டாப்: என் பழுது நோட்டிலிருந்து

2016 கடைசியில் வாங்கிய டெஸ்க்டாப்பில்தான் இதையும் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாகம் பாகமாக வாங்கிக் கோத்தது. 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நாலு கோர் புராசசர், 4 ஜிபி ரேம் இரண்டு, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். அன்று இருந்ததில் இன்று மிச்சம் கேபினட், மதர்போர்டு, புராசசர், ஒரே ஒரு ரேம். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டன.

வாங்கிய சில மாதங்களிலேயே கோடு போட்ட நோட்டு ஒன்றை ஒதுக்கிவிட்டேன். பக்கத்துக்கு நாலு கட்டம்: தேதி, என்ன நடந்தது, எதைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் எது. இப்போது புரட்டிப் பார்த்தால் மூன்றாம் கட்டமும் நாலாம் கட்டமும் ஒத்துப்போன வரிகள் அபூர்வம். மூன்றாவதில் பெரும்பாலும் ‘வைரஸ்’, ‘விண்டோஸ்’. நாலாவதில் கேபிள், தூசு, பேட்டரி, பிளாஸ்டிக் பின் என்று கையால் தொடக்கூடிய சாமான்களே வரிசையாக இருக்கின்றன.

முதல் வரியே மானம் போகிற கதை. கிராபிக்ஸ் கார்டு போட்ட அன்று ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. கார்டு செத்தே பிறந்திருக்கிறது என்று முடிவுகட்டி, கழற்றி மாட்டி ஒரு மணி நேரம் போராடினேன். பழைய பழக்கத்தில் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையிலேயே செருகியிருந்தேன். தனி கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த வீடியோ வெளியீட்டை அணைத்துவிடும். கேபிள் கார்டுக்கு மாற வேண்டும். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

என்னை அதிக நாள் அலைக்கழித்தது 2018இல் வந்த வேகக்குறைவு. போட்டவுடன் நன்றாக ஓடும். பத்து நிமிடம் வீடியோ எடிட் செய்தால் மவுஸ் அம்பே இழுத்து இழுத்து நகரும். வைரஸ் என்று எழுதி ஒரு நாள் முழுக்க ஸ்கேன் ஓட்டினேன், ஒன்றும் சிக்கவில்லை. விண்டோஸையே புதிதாகப் போட்டேன், அதே கதை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தபோதுதான் கண்ணில் பட்டது: 3.2இல் நிற்க வேண்டிய வேகம் 1.2, 0.8 என்று சரிந்துகொண்டிருந்தது. சூடு காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டால் 99 டிகிரி. 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது புராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு ஏறினால் மொத்தமாக அணைந்துவிடும்.

சரி, தூசுதான் என்று திறந்தேன். புராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறக் கம்பளி மாதிரித் தூசு. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதி எடுத்தேன். பிடிக்காமல் ஊதினால் அது கண்மண் தெரியாமல் சுற்றும், பேரிங்குக்கு நல்லதல்ல. சூடு 85க்கு இறங்கியது. வெற்றி என்று நோட்டில் டிக் போட்டேன். இரண்டு வாரத்தில் மறுபடி 95.

புராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று, ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்த கூலரைக் கழற்றப் போனேன். மூலைக்கு ஒன்றாக நாலு பிளாஸ்டிக் பின்களால் மதர்போர்டைக் கவ்வி நிற்கும் வகை அது. மூன்று பின்கள் திருகி இழுத்ததும் ‘டக்’ என்று அடம்பிடித்து வந்தன. நாலாவது, தொட்டதுமே கையோடு வந்தது. எப்போதோ துளையை விட்டுக் கிளம்பியிருக்கிறது. கூலர் ஒரு பக்கம் மயிரிழை அளவு தூக்கியபடி மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. பழைய பேஸ்ட்டைப் பார்த்தபோதே அது தெரிந்தது: ஒரு பாதி நசுங்கி மெலிந்து கிடக்க, மறு பாதி வைத்தது வைத்தபடி காய்ந்திருந்தது. துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். அப்புறம் கேபினட்டின் மறுபக்க மூடியையும் திறந்து டார்ச் அடித்து, நாலு பின் முனைகளும் வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். அன்றிலிருந்து வேலை நேரத்தில் 65ஐத் தாண்டியதில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டதில் காணாமல்போன என் கோப்புகள் சில திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது நீலத்திரை, விண்டோஸ் திடீரென்று நின்றுபோய்க் காட்டும் பிழைத் திரை. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்று வரும், மறுநாள் வேறொரு பெயர், அதற்கடுத்த நாள் ஏதோ ஒரு டிரைவரின் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பெயர். பெயர் வந்த டிரைவரையெல்லாம் நீக்கி நீக்கிப் போட்டேன். உண்மையில், பெயர் மாறிக்கொண்டே இருப்பதே ஒரு துப்பு. ரேமில் கெட்டுப்போன இடத்தில் எந்த மென்பொருள் வந்து உட்காருகிறதோ அதன் தலையில் பழி விழும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓடவிட்டேன். விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே ரேம் முழுவதிலும் எழுதிப் படித்துச் சரிபார்ப்பது அதன் வேலை. காலையில் திரையில் சிவப்பு வரிகள். இதில் முப்பத்தைந்துக்குப் பாஸ் எல்லாம் கிடையாது, ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே போட்டு ஓட்டியதில் ஒன்று சுத்தம், ஒன்று பழுது. கெட்டதைக் கழற்றி 8 ஜிபி ஒன்று போட்டேன், நீலத்திரை நின்றது.

ரேமைக் குறை சொல்லும் முன் ஒருமுறை கழற்றி, தங்க நிற முனையைத் துடைத்து மறுபடி மாட்டிப் பார்ப்பது என் வழக்கம். திரை வராமல் பீப் பீப் என்று கத்திய இரண்டு முறையும் அதிலேயே சரியானது. ரப்பரால் தேய்ப்பது பலரும் சொல்லும் கைவைத்தியம். நானும் செய்திருக்கிறேன். அழுத்தித் தேய்த்தால் பூச்சு தேயும், ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழும். இப்போது ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பேட்டரிக் கதை சின்னது. ஒரு காலையில் பிரவுசர், எந்த இணையதளத்துக்குப் போனாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று சிவப்பு எச்சரிக்கை காட்டியது. மூன்றாம் கட்டத்தில் வைரஸ், அடிக்கோட்டோடு. அப்புறம் மூலையில் தேதியைப் பார்த்தேன்: ஜனவரி 1, அதுவும் நான் இந்தக் கணினியை வாங்கும் முன்பு இருந்த ஒரு ஜனவரி 1. மதர்போர்டில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. பெயரிலேயே அளவு இருக்கிறது, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். மின் இணைப்பைத் துண்டித்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். இணையதளச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. கணினி தன்னைக் கடந்த காலத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டால், எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காததாகத்தான் தெரியும்.

ஹார்ட் டிஸ்க் 2020இல் போனது. போகும் முன் ஒரு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தது, நான்தான் கேட்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், ஆனால் நொடிக்கு ஒரு எம்பி கூட நகராது. தொடக்கத்தில் ஓடும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பலன், அவ்வளவுதான். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்ட பிறகுதான் நிலைமை புரிந்தது. அதில் நான் பார்ப்பது மூன்று வரிகள். 05 என்றால் டிஸ்க் ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்). சி5 என்றால் படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி7 என்றால் தரவு போய்வரும் வழியில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை, அது பெரும்பாலும் டிஸ்க்கின் தவறே அல்ல, கேபிள். எனக்கு முதலில் சி7 ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றியதும் நின்றது. சில மாதம் கழித்து 05உம் சி5உம் ஏறத் தொடங்கின. அது கேபிளால் தீராத வியாதி. ஒரு குறிப்பு: அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில்தான் காட்டும், மாற்றி வைத்தாலொழிய. 10 என்று கண்டால் பதினாறு. நான் அதை அறியாமல் நாலு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

இந்த நிலையில் எல்லாரும் சொல்வது, டிஸ்க்கில் பிழை தேடும் விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓட்டு என்பது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கச் சோதிப்பது, மூச்சு வாங்குபவரை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. முதலில் படங்கள், ஆவணங்கள் என்று முக்கியமானதை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். இரண்டு ஃபோல்டர்கள் வரவில்லை. அதன் பிறகே சோதனை.

அதன் இடத்தில், சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி வந்தது. ஒன்பது வருடத்தில் செய்ததிலேயே உருப்படியான காரியம் இது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பி படிக்கும் என்பதெல்லாம் பெட்டியில் போடும் எண். வித்தியாசம் வேறு இடத்தில். ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் முள் நகர்ந்து தட்டு சுற்றி வர 10 மில்லிசெகண்ட் அளவு ஆகும். விண்டோஸ் எழும்போது அப்படி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. பல் விளக்கிவிட்டு வரலாம் என்றிருந்த பூட், உட்காரும் முன் முடிந்துவிட்டது.

நோட்டில் எனக்குப் பிடித்த வரி 2021இல் இருக்கிறது. ‘பேக்கப் எடுக்கும்போது மட்டும் வைஃபை போகிறது.’ ரவுட்டரை மாற்றும் யோசனை வரை போய்விட்டேன். நான் பயன்படுத்தியது பின்பக்க யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை டாங்கிள். அதற்கு ஒட்டினாற்போல் வெளி டிஸ்க்கின் யுஎஸ்பி 3 கேபிள். யுஎஸ்பி 3 ஓடும்போது கசியும் மின்காந்த இரைச்சல், வைஃபையும் வயர்லெஸ் மவுஸும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இதைப் பற்றி இன்டெல் 2012இலேயே விளக்க அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மவுஸ் தடுமாறியதற்கும் அதுவே காரணம். ஒரு முழ நீட்டிப்பு கேபிளில் டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்தேன். இரண்டும் அன்றே தீர்ந்தன.

மென்பொருள் பக்கம் வந்தால், நான் உண்மையில் கற்றது ஒன்று: ஷட் டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் கருவையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதிலிருந்தே எழுப்பும். தினமும் அணைத்துவிட்டுத் தூங்கினேன். டாஸ்க் மேனேஜரில் அப்டைம், அதாவது கடைசியாக முழுதாகத் தொடங்கியதிலிருந்து ஆன நேரம், 19 நாள் என்று இருந்தது. சவுண்டு போனது, ப்ளூடூத் போனது என்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நௌ கட்டளையைப் பலமுறை ஓட்டியிருக்கிறேன், இரண்டே முறை உதவியது. டிரைவர்களைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு ஒரு வாரம் சவுண்டு இல்லாமல் இருந்தேன், பெயர் வேண்டாம். விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் பக்கமே போகாதீர்கள். பிரிண்டரைப் பற்றி எழுதத் தனி நோட்டு வேண்டும்.

2022இல் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. விண்டோஸ் நடந்ததைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’. அந்த வரியைப் பார்த்துப் பலர் பவர் சப்ளை வாங்கப் போகிறார்கள். அது சொல்வதெல்லாம் ‘சொல்லாமல் அணைந்துவிட்டேன்’ என்பது மட்டும்தான், ஏன் என்று சொல்லாது. எனக்கு இரண்டு நண்பர்கள் இரண்டு மருந்து சொன்னார்கள். நான் நண்பரிடமிருந்து ஒரு பவர் சப்ளை இரவல் வாங்கி, வேறு எதையும் தொடாமல், மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு முறை கூட அணையவில்லை. பழையதைப் போட்டேன், அரை மணியில் அணைந்தது. மூன்றாம் கட்டமும் நாலாம் கட்டமும் ஒத்துப்போன அபூர்வ வரி. பழைய பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொண்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. என் புராசசர் விண்டோஸ் 11 ஏற்கும் புராசசர்களின் பட்டியலில் இல்லை. எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். பிரிண்டர் டிரைவர் எதுவும் கேட்காமல் முதல் தடவையே அச்சடித்தது, எனக்கே நம்பிக்கை வரவில்லை. வீடியோ எடிட்டிங்குக்குத்தான் பழைய மென்பொருள் இல்லாமல் கை தடுமாறுகிறது.

நோட்டின் கடைசி வரி போன மாதத்தது. முன்பக்க இடது யுஎஸ்பி துளை சில காலைகளில் மட்டும் வேலை செய்வதில்லை. விண்டோஸிலும் அப்படித்தான் இருந்தது, மின்டிலும் அப்படித்தான். மூன்றாம் கட்டத்தில் ‘உள் கேபிள்?’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். நாலாவது இன்னும் காலி.